அடுக்களைக்கும் முஸல்லாவுக்கும் இடையில் தஃபக்குர்

நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அதாஉ, உபைத் இப்னு உமைர் ஆகிய இருவரும் ஒருமுறை நபி (ஸல்) அவர்களின் மனைவியான அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சென்று, நபியவர்களிடம் அன்னை அவர்கள் கண்டவற்றுள் மிகவும் வியக்கத்தக்கதைச் சொல்லும்படி கேட்டார்கள். அன்னை அவர்கள் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு ஓர் இரவைப் பற்றிச் சொன்னார்கள். அந்த இரவில் நபியவர்கள், "ஆயிஷாவே, இன்றிரவு என் இறைவனை வணங்க என்னை விடுவாயாக" என்று கேட்டார்கள். "உங்கள் அருகில் இருப்பதையும் விரும்புகிறேன், உங்களுக்கு மகிழ்ச்சி தருவதையும் விரும்புகிறேன்" என்று அன்னை விடையளித்தார்கள். நபியவர்கள் எழுந்து ஒளூச் செய்து தொழுகையில் நின்றார்கள்; மடி நனையும் வரை, தாடி நனையும் வரை, தரை நனையும் வரை அழுதார்கள். அதிகாலைச் சுப்ஹுத் தொழுகைக்கு அழைக்க வந்த பிலால் (ரலி) அவர்கள் அதைக் கண்டு காரணம் கேட்டபோது, "நான் நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, அன்றிரவு தமக்கு அருளப்பட்ட வசனத்தை ஓதிக் காட்டி, அதை ஓதியும் சிந்திக்காதவனுக்குக் கேடுதான் என்றார்கள். அது வானங்கள், பூமி ஆகியவற்றின் படைப்பிலும் இரவு பகல் மாறி மாறி வருவதிலும் அறிவுடையோருக்கு அத்தாட்சிகள் இருப்பதாகக் கூறும் குர்ஆனின் ஆலு இம்ரான் சூராவின் (அத்தியாயத்தின்) 190ஆம் வசனம். இப்னு ஹிப்பான் தொகுப்பில் இடம்பெற்ற இந்த ஹதீஸை (நபிமொழி அறிவிப்பை) மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டதும் நெஞ்சு நெகிழ்கிறது. வீட்டுக்கு வந்ததும் அடுத்த வேலை காத்திருக்கிறது.

அந்த ஹதீஸில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். இது நடந்தது ஒரு வீட்டுக்குள். மனைவி அருகில் இருந்த, மிகச் சிறிய ஓர் அறையில். ஹிரா குகையின் தனிமை நபித்துவத்துக்கு முற்பட்டது. குர்ஆன் இறங்கத் தொடங்கிய பிறகு, குடும்பமும் சமூகமும் போரும் பஞ்சமும் சூழ்ந்த 23 ஆண்டுகளில், நபியவர்களின் ஆழ்ந்த சிந்தனையை நாம் காண்பதெல்லாம் பெரும்பாலும் மனிதர்களுக்கு நடுவில்தான். அதைப் பார்த்துச் சொன்னவர்களில் பலர் வீட்டுப் பெண்கள். நபித்தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்கள் மிகுதியாகச் செய்த வணக்கம் எது என்று அவர்களின் மனைவி உம்முத்தர்தாவிடம் கேட்கப்பட்டபோது, "சிந்திப்பதும் படிப்பினை பெறுவதும்" என்று அந்த அம்மையார் விடை சொன்னார்கள். கணவர் தொழுத ரக்அத்துகளின் எண்ணிக்கையை அவர்கள் சொல்லவில்லை. ஒரு மனிதரின் உள்ளத்தில் ஓடுவது என்னவென்று கூடவே வாழ்ந்தவர்களுக்குத்தானே தெரியும்.

தஃபக்குர் என்று நாம் சொல்லும் இந்தச் சிந்தனை வணக்கம், அன்றாட வாழ்க்கையிலிருந்து விலகியவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கும் கடை திறக்க வேண்டியவர்களுக்கும் ஐவேளைத் தொழுகையும் ரமலான் நோன்பும் போதும், முராகபாவும் (உள்ளத்தைக் கண்காணிப்பதும்) முஹாசபாவும் (தன்கணக்குப் பார்ப்பதும்) ஷைகுமார்களுக்கும் அவர்களின் சீடர்களான முரீதுகளுக்கும் உரியவை என்று பிரித்து வைத்திருக்கிறோம். இது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. இதற்காக நாளில் புதிதாக நேரம் தேட வேண்டியதுகூட இல்லை. ஐவேளைத் தொழுகை ஒரு நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சிறிது இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த அடுத்த நொடியே கைப்பேசியை எடுத்து அந்த இடத்தை நாம்தான் நிரப்பிவிடுகிறோம்.

ஸலாம் கொடுத்த பின் அமர்ந்திருப்பதன் மதிப்பை நபியவர்களின் மற்றொரு மனைவியான அன்னை ஜுவைரிய்யா (ரலி) அவர்களின் அறிவிப்பு எனக்கு உணர்த்தியது. நபியவர்கள் சுப்ஹுத் தொழுகை நேரத்தில் வெளியே செல்லும்போது அன்னை அவர்கள் தாம் தொழுத இடத்தில் அமர்ந்திருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் அமர்ந்திருந்தார்கள். அதைக் கண்ட நபியவர்கள், தாம் சென்ற பின் மூன்று முறை சொன்ன நான்கு சொற்களை அன்னை அதுவரை ஓதிய அனைத்தோடும் நிறுத்துப் பார்த்தால் அவையே கனமாக இருக்கும் என்றார்கள். இறைவனின் படைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கும், அவனுடைய பொருத்தத்தின் அளவுக்கும், அவனுடைய அர்ஷின் (அரியணையின்) எடை அளவுக்கும், அவனுடைய வாக்குகளை எழுதும் மையின் அளவுக்கும் அவனைப் புகழ்ந்து துதிப்பதாக அந்தச் சொற்கள் அமைந்திருக்கின்றன. முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. அன்னை நெடுநேரம் அமர்ந்திருந்ததை நபியவர்கள் குறை சொல்லவில்லை. சொல்லின் எண்ணிக்கையோடு, அதைச் சொல்லும்போது உள்ளம் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதையும் காட்டிக் கொடுத்தார்கள். படைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கு என்று நாக்கு சொல்லும்போது, முற்றத்து எறும்பு வரிசையிலிருந்து தொடங்கி, கடல் மீன்களைக் கடந்து, நாம் ஒருபோதும் பார்க்கப்போகாத நட்சத்திரங்கள் வரை மனம் போய்வர வேண்டும். அப்படிப் போய்வந்தால் மூன்று முறை சொல்வதற்கே நேரம் பிடிக்கும்.

1095ஆம் ஆண்டு பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் பெரும் பதவியைத் துறந்து வெளியேறிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பிற்பாடு எழுதிய இஹ்யா என்ற நூலின் 40 பாகங்களில் 38ஆம் பாகத்தைக் கண்காணிப்புக்கும் தன்கணக்குக்கும், 39ஆம் பாகத்தைச் சிந்தனைக்கும் ஒதுக்கினார்கள். அடுத்து வரும் கடைசிப் பாகம் மரணத்தைப் பற்றியது. இந்த வரிசையே ஒரு பாடம். 38ஆம் பாகத்தில் இமாம் அவர்கள் காட்டும் உவமை வியாபாரத்திலிருந்து வருகிறது: சரக்கை ஒரு கூட்டாளியிடம் ஒப்படைக்கும் வியாபாரி முதலில் நிபந்தனை பேசுவான், பிறகு கண்காணிப்பான், பொழுது சாய்ந்ததும் கணக்குக் கேட்பான், குறை கண்டால் தண்டிப்பான், கண்டிப்பான். அறிவு வியாபாரி, நஃப்ஸு (தன் மனம்) கூட்டாளி, கையில் உள்ள முதலோ ஆயுள் மட்டுமே. அது கரைந்துவிட்டால் மூலதனமே போய்விடும், இலாபத்தைப் பற்றிப் பேச ஒன்றுமிருக்காது. தலைமுறை தலைமுறையாக வியாபாரத்தையே வாழ்க்கையாகக் கொண்ட எங்கள் கடற்கரை ஊர் மக்களுக்கு இதைவிட எளிதாக விளங்கக்கூடிய உவமை கிடையாது. இரத்தினக் கற்களோ மளிகையோ, இரவில் கல்லாப்பெட்டியைப் பூட்டும் முன் பேரேட்டைப் பார்க்காமல் உறங்கும் வியாபாரியை எங்கள் ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

எனவே இமாம் அவர்கள் சுப்ஹு தொழுத பின் சிறிது நேரம் நஃப்ஸோடு நிபந்தனை பேசச் சொல்கிறார்கள். நீ இறந்துவிட்டதாகவும், ஒரே ஒரு நாள் திருப்பித் தரும்படி கெஞ்சியதாகவும், அந்த நாளே இது என்றும் எண்ணிக்கொள் என்பது அந்தப் பேச்சின் சாரம். நான் இதை என் வழக்கமாக ஆக்கிக்கொண்டிருக்கிறேன். தொழுகை விரிப்பான முஸல்லாவை மடிப்பதற்கு முன், அன்று சந்திக்கப்போகும் மனிதர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். யாரிடம் என் நாக்கு எல்லை மீறக்கூடும், யாருக்குக் கொடுக்க வேண்டியது என்னிடம் நிற்கிறது, எந்த வேலையைப் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்போகிறேன் என்ற கேள்விகள் தாமாக எழும். பொதுவாக நல்லவளாக இருப்பேன் என்ற உறுதி பத்து மணிக்குள் மறந்துவிடும். இன்று மாமியாரின் மருந்தைப் பற்றி மூன்றாவது முறை கேட்டாலும் முதல் முறை போலவே விடை சொல்வேன் என்ற உறுதியோ நாள் முழுவதும் நினைவில் நிற்கும்.

பகலில் செய்யும் சிந்தனைக்கு வேறொரு சுவை உண்டு. குர்ஆன் நம்மைச் சிந்திக்க அழைக்கும் பொருள்களைப் பாருங்கள்: ஒட்டகம், மலை, விதை, தீ, தேனீ, குடிநீர், சாப்பாடு. எல்லாம் அந்த மக்களின் கைக்கெட்டிய, கண்ணுக்கெட்டிய பொருள்கள். மனத்தை வெறுமையாக்கும்படி குர்ஆன் எங்கும் கேட்கவில்லை. ஒரு பொருளைக் கொடுத்து, அதன் பின்னால் சென்று பார் என்கிறது. இறைவனின் உள்ளமையைக் கற்பனையால் தேடாதே, அவன் படைப்பைச் சிந்தி என்று முன்னோர் வரம்பு காட்டியதும் இதற்காகத்தான்.

அல்வாகிஆ சூராவில், "நீங்கள் குடிக்கும் தண்ணீரைப் பார்த்தீர்களா? மேகத்திலிருந்து அதை இறக்கியது நீங்களா, நாமா? நாம் நாடியிருந்தால் அதை உவர்ப்பாக்கியிருப்போம். நீங்கள் நன்றி செலுத்த வேண்டாமா?" என்ற கருத்தில் 68 முதல் 70 வரையான வசனங்கள் வருகின்றன. நான் பிறந்து வளர்ந்தது காயல்பட்டினம். ஆறுமுகநேரிப் பக்கமும் தூத்துக்குடிச் சாலையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். இந்த வசனங்களை விளங்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடசாலை எங்கே கிடைக்கும்? உவர்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் விடுகிறார்கள். வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைத் தரையிலேயே விட்டுவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மேலே ஏறும் ஆவியிலோ அதில் ஒரு துளிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் எழும் அந்த நீர்தான் குளிர்ந்து மேகமாகி, எங்கோ மழையாகி, பொதிகை மலையில் இறங்கி, தாமிரபரணியாக ஓடி, எங்கள் ஊர்க் குழாய்க்கு வந்து சேர்கிறது. பாத்தியில் வெள்ளையாக நிற்பதை மட்டும் நாம் பார்க்கிறோம், அதை விட்டு எழுந்து போனதைப் பார்ப்பதில்லை. உப்பும் நீரோடு சேர்ந்து ஆவியாகும்படி படைக்கப்பட்டிருந்தால் ஒரு பயிரும் இல்லை, ஓர் உயிரும் இல்லை. "நாம் நாடியிருந்தால் உவர்ப்பாக்கியிருப்போம்" என்ற சொற்களின் பாரம் அங்கு நிற்பவருக்கு நன்றாகவே தெரியும். கோடையில் கிணறு உவர்த்துப்போய், நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற காலத்தை என் உம்மா இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு இந்த வசனத்துக்குத் தப்ஸீர் (விளக்கவுரை) தேவைப்பட்டதில்லை.

சிந்தனை அந்த வியப்போடு நின்றுவிட்டால் அது பாதியில் நின்ற சிந்தனை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் சிந்தனையின் விளைவை வரிசைப்படுத்தும்போது, முதலில் அறிவு பிறக்கிறது, அறிவால் உள்ளத்தின் நிலை மாறுகிறது, அந்த மாற்றம் செயலாக வெளிப்படுகிறது என்கிறார்கள். உப்பளத்தைப் பற்றிச் சிந்தித்தால் அங்கே உப்பு வாரும் பெண்களைப் பற்றிச் சிந்திக்காமல் இருக்க முடியாது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது, உவர்நீர் பாதத்தை அரிக்கிறது, வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் வேலை இல்லை. நமக்கு இனிய நீராக இறங்கும் அதே மழைதான் அவர்களுக்கு அடுப்பெரியாத காலமாகவும் வருகிறது. ஒரே மழையில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மனம், ஸதகாவை (தர்மத்தை) ரமலானுக்கு மட்டும் ஒதுக்கி வைக்காது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் யாருடைய வீட்டில் அரிசி தேவைப்படும் என்று விசாரிக்கத் தொடங்கும். வசனத்தின் முடிவில் கேட்கப்படும் நன்றி எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை எனக்கு அந்த உப்பளமே சொல்லித் தந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரச் சிந்தனை அறுபது ஆண்டு வணக்கத்தைவிடச் சிறந்தது என்று நபிமொழியாகப் பரவலாகச் சொல்லப்படுவதை ஹதீஸ் அறிஞர்கள் ஆதாரமானதாக ஏற்பதில்லை. ஓர் இரவு நின்று வணங்குவதைவிடச் சிறிது நேரச் சிந்தனை மேலானது என்பது முன்னோர்களின் கூற்றாக வந்திருக்கிறது. அதுவே போதுமான உயர்வு. நன்மையான ஒன்றின்பால் மக்களை அழைக்க நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல், திக்ரு மஜ்லிஸ்களின் வடிவத்தைப் பற்றியும் தரீக்காக்களைப் (சூஃபி வழிமுறைகளைப்) பற்றியும் தமிழ் முஸ்லிம்களிடையே நீண்ட காலமாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது. சூஃபிப் புலவர்களான தக்கலை பீர்முகம்மது அப்பாவையும் குணங்குடி மஸ்தான் சாகிபையும் பாடிப் பாடி வளர்ந்த குடும்பங்களும் உண்டு. அவற்றைத் தவிர்ப்போரும் உண்டு. அந்த வழக்கில் எந்தப் பக்கம் நின்றாலும், நின்றும் இருந்தும் விலாப்புறம் சாய்ந்தும் இறைவனை நினைத்து, வானங்கள் பூமியின் படைப்பைச் சிந்திப்பவர்கள் என்று ஆலு இம்ரான் சூராவின் 191ஆம் வசனம் வருணிக்கும் மனிதர்களில் ஒருவராக ஆக விரும்பாத முஸ்லிம் யாரும் இருக்க முடியாது. நிற்பது, இருப்பது, படுப்பது ஆகிய இந்த மூன்று நிலைகளுக்கு வெளியே மனிதனுக்கு வேறு நிலை ஏது?

படுக்கைக்குச் செல்லும் நேரத்தை நான் கணக்குப் பார்ப்பதற்கு வைத்திருக்கிறேன். "ஒவ்வோர் ஆத்மாவும் நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்" என்ற அல்ஹஷ்ர் சூராவின் 18ஆம் வசனமும், "கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற உமர் (ரலி) அவர்களின் வாக்கும் இதற்கு அடிப்படை. ஆனால் எதைக் கணக்குப் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தால் மனம் பொதுவான வருத்தத்தில் தோய்ந்துவிட்டு உறங்கிப்போகும். இதற்கு இமாம் அவர்கள் 39ஆம் பாகத்தில் மிக எளிய வழி ஒன்றைச் சொல்கிறார்கள்: ஓர் ஏடு வைத்துக்கொண்டு, அழிவில் தள்ளும் குணங்கள் பத்தையும் ஈடேற்றம் தரும் குணங்கள் பத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். கஞ்சத்தனம், பெருமை, தற்பெருமை, முகஸ்துதி (பிறர் பார்க்கச் செய்வது), பொறாமை, கடுங்கோபம் என்று ஒரு பக்கம் நீளும்; தவ்பா (பாவத்துக்கு வருந்தி மீள்வது), பொறுமை, நன்றி, இக்லாஸ் (உளத்தூய்மை) என்று மறுபக்கம் நீளும். ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது தன்னிடம் எந்தச் சந்தர்ப்பத்தில் தலைதூக்குகிறது என்று நாள்தோறும் பார்த்து, அது நீங்கியது என்று உறுதியான பிறகே ஏட்டில் அதைக் கோடிட்டு அடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த வழி, பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களிலேயே நடந்துவிடும். பொறாமையை எடுத்துக்கொண்டவர் கல்யாண வீடுகளில் தம் கண் எங்கே போகிறது என்று கவனிப்பார். முகஸ்துதியை எடுத்துக்கொண்டவர் தாம் கொடுத்த தர்மத்தை எத்தனை பேரிடம் பேச்சுவாக்கில் சொல்கிறோம் என்று கவனிப்பார். குணத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அதற்கு ஒளிய இடம் குறைந்துவிடுகிறது.

அதன் பின் சொல்லும் தஸ்பீஹ் (இறைத்துதி) ஒன்று இருக்கிறது. மாவரைத்துக் கைகள் காய்த்துப்போன, நபியவர்களின் மகளான ஃபாத்திமா (ரலி) அவர்கள், வேலைக்கு உதவியாக ஓர் ஆள் கேட்டுத் தந்தையைத் தேடிச் சென்றார்கள், சந்திக்க முடியவில்லை. இரவு அவர்களும் அலீ (ரலி) அவர்களும் படுத்துவிட்ட பிறகு நபியவர்களே வந்து, எழ வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு இருவருக்கும் நடுவில் அமர்ந்து, படுக்கும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லிக் கொடுத்து, நீங்கள் கேட்டதைவிட இது உங்களுக்குச் சிறந்தது என்றார்கள். ஸிஃப்பீன் போரின் இரவில்கூட இதை விடவில்லை என்று அலீ (ரலி) அவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தஸ்பீஹ் முதலில் போய்ச் சேர்ந்தது களைத்துப்போன ஒரு குடும்பப் பெண்ணின் படுக்கைக்குத்தான் என்பது, பகலெல்லாம் அடுக்களையில் நிற்கும் பெண்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! விரல்களில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே உறக்கம் வந்துவிடும் இரவுகளும் உண்டு. அவையும் நல்ல இரவுகளே.

எல்லா நாளும் உள்ளம் ஒரே நிலையில் இருக்காது. நபியவர்களின் எழுத்தர்களில் ஒருவரான ஹன்ளலா (ரலி) அவர்கள், நபியவர்களின் அவையில் இருக்கும்போது சொர்க்கத்தையும் நரகத்தையும் கண்ணால் காண்பது போலிருக்கிறது, மனைவி மக்களிடமும் தொழிலிடமும் திரும்பினால் பெரும்பகுதி மறந்துவிடுகிறது என்று கலங்கி, தாம் நயவஞ்சகராகிவிட்டதாகவே அஞ்சினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டு, இருவருமாக நபியவர்களிடம் சென்றார்கள். நபியவர்கள், என்னிடம் இருக்கும் நிலையிலேயே நீங்கள் எப்போதும் இருந்தால் மலக்குகள் (வானவர்கள்) உங்கள் படுக்கைகளிலும் பாதைகளிலும் உங்களோடு கைகுலுக்குவார்கள், ஆனால் ஹன்ளலாவே, அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். தஃபக்குரைத் தொடங்கிவிட்டுச் சில நாளில் மனம் ஒட்டவில்லை என்று விட்டுவிடும் தோழிகளுக்கு நான் இந்த ஹதீஸைத்தான் சொல்வது வழக்கம். ஒட்டாத நாளில் ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓதினால் போதும். அல்மாயிதா சூராவின் 118ஆம் வசனம் ஒன்றையே நபியவர்கள் ஓர் இரவு விடியும் வரை ஓதி நின்றதாக அபூதர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இருக்கிறது.

எங்கள் தெருப் பெண்கள் அஸர் (மாலைத் தொழுகை) முடிந்த பின், பெண்கள் கூடும் இடமான தைக்காவில் கூடும்போது இதுவரை ஓதுவதும் துஆ கேட்பதுமாக இருந்தது. அடுத்த கூட்டத்திலிருந்து, ஓதிய பிறகு ஒரு சிறிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அமர்ந்து சிந்திப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் எடுத்திருப்பது "மனிதன் தன் உணவைப் பார்க்கட்டும்" என்று தொடங்கும் அபஸ சூராவின் 24 முதல் 32 வரையான வசனங்கள். அன்று மதியம் தம் வீட்டில் சமைத்த ஒரு பொருளை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டு, அது எந்த நிலத்தில் விளைந்தது, எந்த நீரைக் குடித்தது, யார் கை பட்டு வந்தது என்று விசாரித்து வந்து சொல்ல வேண்டும். வயதில் மூத்த ஒரு மாமி பருப்பை எடுத்துக்கொண்டார்கள். மீனைத் தேர்ந்துகொண்ட பெண், அதைப் பிடித்தவரையே தேடிக் கடற்கரைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு உப்பு.